சார்ஜரை விடுங்கள், கீசரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் சிக்கனக் குறிப்புகளும் கூடவே கிளம்பிவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் ஒன்று, கோயில் அறிவிப்புப் பலகையில் ஒன்று, வானொலியில் ஒன்று. எதை எடுத்தாலும் முதல் வரி, "செல்போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றி வையுங்கள்" என்றுதான் தொடங்கும். இன்றைய சார்ஜர் சும்மா மாட்டியிருந்தால் இழுப்பது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. ஆண்டு முழுக்க அப்படியே தொங்கினாலும் ஒரு யூனிட் தேறாது. அதே வீட்டின் சீலிங்குக்கு மேலே கிடக்கும் 150 லிட்டர் பழைய கீசர், யாரும் வெந்நீர்க் குழாயைத் திறக்காத ஒரே நாளில் இரண்டு யூனிட்டைக் கூரைக்குள் ஆற்றிவிடுகிறது. சார்ஜருக்கு இரண்டு ஆண்டுக் கணக்கு, கீசருக்கு ஒரு நாள்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன், டாங்காட், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று நம்மவர் வாழும் வீடுகளில் பெரும்பாலும் மின் கீசர்தான். மின்சாரச் செலவில் அதுதான் பெரிய வாய். இதைத் தெரிந்தவர்கள்கூட அடுத்த அடியில் தவறுகிறார்கள்: ஒரு டைமரை வாங்கி மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். டைமரைவிடப் பலனுள்ள, செலவும் குறைந்த வேலைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைக் கணக்கோடு எழுதுகிறோம். கணக்குக்கு யூனிட் 3 ராண்ட் என்று வைத்திருக்கிறோம். உங்கள் ரசீதிலோ முன்பணம் கட்டி வாங்கும் டோக்கனிலோ உள்ள விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்மணி வேண்டும் (ஆயிரம் வாட்மணி ஒரு யூனிட்). இதை நீங்களோ நாங்களோ எந்தக் கருவியை வைத்தும் மாற்ற முடியாது. டர்பன் குழாய்நீர் 20 டிகிரி என்று கொண்டால், 150 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 7 யூனிட் ஆகும். 3 கிலோவாட் எலிமென்ட்டுக்கு (நீரைச் சூடாக்கும் கம்பி) அது 2 மணி 20 நிமிட வேலை. 4 கிலோவாட்டுக்கு ஒன்றே முக்கால் மணி. எலிமென்ட் பெரிதானால் சீக்கிரம் சூடாகும், அவ்வளவுதான். யூனிட் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆக, கீசரில் மிச்சம் பிடிக்க இரண்டே வழி. வெந்நீரைக் குறைவாகச் செலவழிப்பது ஒன்று. சூடான நீர் சும்மா ஆறுவதைத் தடுப்பது மற்றொன்று.

முதல் வழிதான் பெரியது. பழைய ஷவர் தலை ஒன்று நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டும். எட்டு நிமிடம் நின்றால் 120 லிட்டர். உடம்புக்கு இதமான 40 டிகிரியில் அது 2.8 யூனிட். நால்வர் குளிக்கும் வீட்டில் தினமும் 11 யூனிட்டுக்கு மேல். நிமிடத்துக்கு 8 லிட்டர் விடும் தலையை மாட்டினால் அதே எட்டு நிமிடத்துக்கு 1.5 யூனிட், நால்வருக்கும் சேர்த்து 6. ஒரு ஷவர் தலையை மாற்றியதில் நாளொன்றுக்கு 5 யூனிட், 15 ராண்ட், மாதத்துக்கு 450 ராண்ட். வேறு எந்தப் பொருளும் இந்த விலைக்கு இவ்வளவைத் திருப்பித் தராது.

உங்கள் ஷவர் எந்த வகை என்று அறிய 10 லிட்டர் வாளியைக் கீழே வைத்து, வழக்கமாகக் குளிக்கும் அளவுக்குத் திறந்து, கடிகாரத்தைப் பாருங்கள். வாளி நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் மாற்ற வேண்டியதில்லை. 40 விநாடியில் நிரம்பினால் உடனே மாற்றுங்கள். தலையைக் கழற்றக் குழாய்ச் சாவி ஒன்று போதும். சாவியின் பற்களால் தலையில் சிராய்ப்பு விழாமலிருக்கத் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். கழற்றிய மரையைத் துடைத்து, பிளம்பர் டேப்பை மரை ஏறும் திசையில் ஏழெட்டுச் சுற்று சுற்றி, புதியதைக் கையால் இறுக்கி, சாவியால் கால் சுற்று கொடுத்தால் முடிந்தது.

இதில் ஒரு சிக்கல் வரும். அறுபதுகளில் கட்டிய சாட்ஸ்வொர்த் மாநகராட்சி வீடுகள் போன்றவற்றில் குளிர்ந்த நீர் தெருக்குழாயின் முழு அழுத்தத்தில் நேராகக் குளியலறைக்கு வரும். வெந்நீரோ கீசரின் பிரஷர் வால்வு வழியாக அழுத்தம் குறைந்து வரும். ஷவர் தலை அகலமாகத் திறந்திருக்கும்வரை இது தெரியாது. சிக்கனத் தலை வந்து வழி குறுகியதும், குளிர்ந்த நீர் வெந்நீர்க் குழாய்க்குள் எதிர்த்து ஏறிவிடும். ஷவரில் திடீரென்று பச்சைத் தண்ணீர் வரும். "இந்தத் தலை சரியில்லை" என்று பழையதையே திரும்ப மாட்டிவிடுவார்கள். தலையில் குற்றமில்லை. குளியலறைக்குப் போகும் குளிர்ந்த நீரையும் அதே பிரஷர் வால்வைத் தாண்டிய பிறகு பிரித்து எடுத்தால் இரு பக்க அழுத்தமும் சமமாகிவிடும். பிளம்பருக்கு அரை நாள் வேலை.

வாளியில் மொண்டு குளிப்பவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. 20 லிட்டர் வாளி, 40 டிகிரி: அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. தாத்தாவும் ஆயாவும் சொம்பும் வாளியுமாகக் குளித்ததைப் பழைய பழக்கம் என்று ஒதுக்கிவிட்டோம். வீட்டில் ஒருவராவது அதைத் தொடர்ந்தால் அவரைத் தடுக்காதீர்கள்.

அடுத்து, கைகழுவும் தொட்டியில் இருக்கும் ஒற்றைக் கைப்பிடி மிக்சர். கைப்பிடியை நடுவில் வைத்துத் திறந்தால் பாதி நீர் கீசரிலிருந்து கிளம்புகிறது. கீசரிலிருந்து தொட்டிவரை 22 மில்லிமீட்டர் செம்புக் குழாய் 12 மீட்டர் என்றால், குழாய்க்குள் மட்டும் ஏறத்தாழ 4 லிட்டர் நிற்கும். கை கழுவி முடிக்கும்போது அந்த ஆறிய நீரில் கொஞ்சம்தான் வெளியே வந்திருக்கும். வெந்நீர் கையைத் தொட்டிருக்கவே இருக்காது. ஆனால் கீசரிலிருந்து புறப்பட்ட சூட்டு நீர் குழாய்க்குள் ஏறி நின்று ஆறும். ஒரு நாளில் இது இருபது முறை நடக்கும். கைப்பிடியை முழுதும் குளிர்ந்த பக்கமாகத் திருப்பியே வைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். செலவே இல்லாத திருத்தம் இது.

இனி ஒழுகல். வீட்டைச் சுற்றி வந்து கூரை விளிம்புக்குக் கீழே பாருங்கள். சுவரிலிருந்து ஒன்றிரண்டு சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் செம்பு. தண்ணீர் சூடாகும்போது விரியும்; 150 லிட்டர் 20 டிகிரியிலிருந்து 60க்குப் போகையில் இரண்டு லிட்டருக்கு மேல் பெருகும். அந்த மிகுதி, பிரஷர் வால்வு வழியாகக் குளிர்ந்த நீராகச் சொட்டும். கீசர் சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டிப் பிறகு நின்றால் அது ஒழுங்கான வேலை. அதை அடைக்கவே கூடாது. ஒரு சுவர்க் குழாயிலிருந்து சூடான நீர் வந்தால் கதை வேறு. அது கீசரின் சேஃப்டி வால்விலிருந்து வருகிறது. வால்வு மூடும் இடத்தில் மண்துகள் சிக்கியிருக்கலாம், அழுத்தம் மிஞ்சியிருக்கலாம், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அணையாமல் நீர் கொதிநிலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். கடைசியது ஆபத்து. கீசருக்குள் கெட்டில் இரைவதுபோலச் சத்தம் கேட்டாலோ, குழாயில் ஆவி வந்தாலோ, டிபி போர்டில் (வீட்டின் மின்பகிர்வுப் பெட்டி) கீசர் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிறகுதான் பிளம்பருக்குப் போன் செய்ய வேண்டும்.

பணக் கணக்கிலும் இந்தக் குழாயை அலட்சியம் செய்யக் கூடாது. வெந்நீர்க் குழாய் ஒன்று விநாடிக்கு ஒரு சொட்டு விட்டால் நாளைக்கு 4 லிட்டர், கால் யூனிட்டுக்கும் குறைவு. அதுவே பென்சில் முனைபோல மெல்லிய தாரையாகி நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் போனால் நாளைக்கு 144 லிட்டர். அதாவது ஒரு முழுக் கீசர் வெந்நீர், ஏறத்தாழ 7 யூனிட், தினமும் 20 ராண்டுக்கு மேல் புல்லில் ஊற்றுகிறீர்கள். "போன மாதத்தைவிட டோக்கன் சீக்கிரம் தீர்கிறது, காரணமே தெரியவில்லை" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குழாயை. இரவில் இருட்டில் யாரும் பார்ப்பதில்லை. பகலில் வெயிலில் ஈரம் காய்ந்துவிடுகிறது. சுவரில் வெண்மையாகவோ பச்சையாகவோ கோடு இறங்கியிருந்தால் நீண்ட நாளாக நீர் வழிகிறது என்று பொருள்.

இப்போது டைமர். இரவு 10 மணிக்கு அணைத்து விடிகாலை 4 மணிக்குப் போட்டால் மிச்சம் என்று விற்கிறார்கள். பழைய 150 லிட்டர் கீசரில் 60 டிகிரி நீர் அந்த ஆறு மணி நேரத்தில் இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கும். சூடு வெளியேறும் வேகம் நீருக்கும் சுற்றுக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. நீர் ஆறாவிட்டால் வேகமும் குறையாது. இழந்த சூட்டை 4 மணிக்கு எலிமென்ட் திரும்பப் போட்டுவிடும். இரவு அணைப்பில் மிச்சம் சில காசுகளே. காலைக் குளியலுக்குப் பிறகு கீசரில் பாதிக்கு மேல் பச்சை நீர் நிரம்பிய நிலையில் பிற்பகல்வரை அணைத்து வைப்பதில்தான் பலன் இருக்கிறது; அப்போது பகல் முழுதும் வெளியேற அதிகச் சூடு இல்லை. அதுவும் நாளைக்கு அரை யூனிட் அளவில்தான் நிற்கும். மாதத்துக்கு 45 ராண்ட். டைமர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலை 5 மணியிலிருந்து 9 மணிவரை நாடே அடுப்பும் விளக்கும் போடும் நேரத்தில் கீசரை விலக்கி வைப்பது எல்லோருக்கும் நல்லது. நேரத்துக்கு ஏற்ப விலை மாறும் கட்டணத்தில் இருப்பவர்களுக்குப் பணமும் மிஞ்சும். ஆனால் டைமரை மாட்டிவிட்டுப் பழைய ஷவர் தலையை விட்டுவைத்தால் ஓட்டைப் பானைக்கு மூடி போட்ட கதைதான்.

மாட்டுவதென்றால் மூன்று பழுதுகளைத் தவிர்க்க வேண்டும். 4 கிலோவாட் எலிமென்ட் 230 வோல்ட்டில் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 16 ஆம்பியர் என்று எழுதிய டைமரை அதில் மாட்டினால் உள்ளே தொடுமுனைகள் கருகி, ஒருநாள் ஒட்டிக்கொண்டு அணையவே அணையாது. 20 ஆம்பியருக்கு மேல் தாங்கும் டைமர் வேண்டும், அல்லது டைமர் ஒரு கான்டாக்டரை (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச்) இயக்க வேண்டும். இரண்டாவது, ஊசி குத்தும் பழைய வகை டைமர் மின்வெட்டில் நின்றுபோகும். இரண்டு மணி நேர வெட்டு என்றால் கடிகாரம் இரண்டு மணி பின்தங்கும். அதைத் திருத்தாமல் விட்டால் கீசர் சரியாக மாலை உச்ச நேரத்தில் எரியும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரை வாங்குங்கள். மூன்றாவது, கீசர் 60 டிகிரியைத் தொடவே விடாத அளவுக்கு நேரத்தைச் சுருக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்னும் நுரையீரல் தொற்றுக் கிருமி வளரும். 60ஐத் தொட்டுவரும் நீரில் அது நிலைக்காது.

மின்வெட்டு வரப்போகிறது என்றதும் ஓடிப்போய்க் கீசரைப் போடும் பழக்கம் 2023இல் வெட்டு உச்சத்தில் இருந்தபோது பலருக்கு வந்தது, இன்னும் போகவில்லை. இரண்டு மணி நேர வெட்டில் நீர் ஒரு டிகிரிகூட இறங்காது. மின்சாரம் திரும்பி வந்ததும் தெருவே ஒரே நேரத்தில் கீசர் போடுவதால்தான் பகுதி டிரான்ஸ்ஃபார்மர் மறுபடி விழுகிறது. வந்தபின் அரை மணி பொறுத்துப் போடலாம்.

தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். புதிதாக மாட்டிய கீசர் பெரும்பாலும் 65 அல்லது 70 டிகிரியில் வைக்கப்பட்டிருக்கும். அதன் பிறகு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கூரைக்குள் 25 டிகிரி என்றால், பழைய கீசர் 70இல் நாளைக்கு 2.5 யூனிட் ஆற்றும், 60இல் 1.9. ஒரு சின்னத் திருகலில் நாளைக்கு 0.6 யூனிட், மாதத்துக்கு ஐம்பது ராண்டுக்கு மேல். டைமர் தருவதைவிட இது கூடுதல், பொருளுக்குச் செலவு பூஜ்யம். பணத்தைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. 70 டிகிரி நீர் தோலில் பட்டால் ஒரு விநாடிக்குள் ஆழமாகப் புண்படுத்தும். 60இல் சுமார் ஐந்து விநாடி அவகாசம் இருக்கிறது. குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டில் அந்த அவகாசம் பெரிது.

வேலையின் முறை இது. டிபி போர்டில் கீசர் பிரேக்கரை அணைக்கவும். கீசர் அருகிலுள்ள ஐசொலேட்டர் சுவிட்சையும் அணைக்கவும். கீசரின் ஒரு முனையில் உள்ள மூடியைக் கழற்றி, டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகே உள்ளே விரல் வைக்க வேண்டும். நடுவில் தெர்மோஸ்டாட் தலையில் பொத்தான் அளவு சக்கரம் இருக்கும், 55, 60, 65, 70 என்று பொறித்திருக்கும். சின்னத் தட்டைத் திருப்புளி முனையால் 60க்குத் திருப்பி, மூடியைப் போட்டு, பிறகு மின்சாரம் கொடுக்கலாம். மூடிக்குள் 230 வோல்ட் திறந்து கிடக்கிறது. கம்பி வேலை பழகாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைத்தே செய்யட்டும். மறுநாள் காலை, கீசர் சூடாகி அணைந்த பின், அதற்கு மிக அருகிலுள்ள குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, சமையல் தெர்மாமீட்டரால் அளவெடுங்கள். சக்கரம் 60 என்று சொல்ல நீர் 70 காட்டினால் தெர்மோஸ்டாட் தன் கணக்கை இழந்துவிட்டது. மாற்ற வேண்டும், மலிவான பாகம்தான்.

அந்த முனையைத் திறந்திருக்கும்போதே கீசரின் உடலைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்து மரச்சட்டத்தைவிட வெதுவெதுப்பாக இருந்தால் போர்வை தேவை. 50 மில்லிமீட்டர் தடிப்புள்ள, வெளியே வெள்ளித்தாள் ஒட்டிய கண்ணாடி இழைப் போர்வை ஹார்ட்வேர் கடைகளில் கீசர் அளவுக்கே வெட்டிக் கிடைக்கிறது. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு சுற்றுங்கள், இழை அரிக்கும். மின்மூடியையும் சேஃப்டி வால்வையும் மூடாதீர்கள். கீழே உள்ள சொட்டுத் தட்டுக்குள் போர்வை தொங்கக் கூடாது. இறுக்கிக் கட்டினால் இழை நசுங்கிப் பலன் போய்விடும். தளர்வாகவே கட்ட வேண்டும். உடல் சூடே தெரியாத, மின்சிக்கன லேபிளில் B வகுப்பு பெற்ற புதிய கீசருக்கு இந்தச் செலவு வீண். அங்கே காசைக் குழாயில் போடுங்கள்.

குழாயை யாரும் கவனிப்பதில்லை. கீசரிலிருந்து புறப்படும் செம்புக் குழாயின் முதல் ஒரு மீட்டர், குழாய்களை யாரும் திறக்காதபோதும் நாளெல்லாம் சூடாகவே இருக்கும். வெந்நீர் மேலெழுந்து அதற்குள் சுழன்றுகொண்டே இருக்கும். போர்த்தாத 22 மில்லிமீட்டர் குழாய் மீட்டருக்குச் சுமார் 20 வாட் இழக்கும். நாளைக்கு அரை யூனிட். ஒரு டைமர் தரும் மிச்சத்தை ஒரு மீட்டர் குழாய் தின்றுவிடுகிறது. நுரைக்குழாய் உறையை வாங்கி, குழாயின் வெளி விட்டத்துக்குச் சரியான அளவு பார்த்து, கத்தியால் நீளவாக்கில் பிளந்து மாட்டி, பிளவைக் கீழ்ப்பக்கம் வைத்து டேப் ஒட்டுங்கள். முழங்கையில் 45 டிகிரி சரிவாக வெட்டிச் சேர்க்க வேண்டும். மடக்கிவிட்டால் அங்கே நுரை மெலிந்து சூடு கசியும். வெந்நீர்க் குழாயை முடிந்தவரை முழு நீளத்துக்கும், உள்ளே வரும் குளிர்நீர்க் குழாயைக் கீசரருகே ஒரு மீட்டருக்கும் போர்த்தினால் போதும்.

உங்கள் கீசர் உண்மையில் எவ்வளவு இழக்கிறது என்று அளக்க விரும்புபவர்கள் ஓர் இரவு அளந்து ஏமாற வேண்டாம். தெர்மோஸ்டாட் அணைந்த பின் நீர் ஐந்தாறு டிகிரி இறங்கினால்தான் மறுபடி போடும். ஓர் இரவில் அது போடாமலே விடியலாம். குடும்பம் இரண்டு நாள் ஊருக்குப் போகும்போது கீசரையும் ஃபிரிட்ஜையும் மட்டும் விட்டுவிட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜின் பிளக்கில் சின்ன யூனிட் மீட்டர் மாட்டினால் அதைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தை நாளால் வகுத்தால் கீசரின் வெட்டி இழப்பு கிடைக்கும். இரண்டு யூனிட்டை ஒட்டியோ அதற்கு மேலோ வந்தால் போர்வை போடுங்கள். ஒருமுறை அளந்த பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் டிபியில் அணைத்துவிட்டே போங்கள். திரும்பி வந்தால் 60 டிகிரிவரை முழுதாகச் சூடாக்கிய பிறகு ஷவர் திறக்கவும்.

எலிமென்ட்டில் உப்புப் படிந்தால் மின்சாரம் கூடச் செலவாகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நீருக்குள் மூழ்கிய எலிமென்ட்டின் சூடு நீரைத் தவிர வேறெங்கும் போக வழியில்லை. படிவு எலிமென்ட்டை உள்ளுக்குள் கருக்கிச் சீக்கிரம் சாகடிக்கும், யூனிட்டைக் கூட்டாது. அதைவிட ஆனோடு என்னும் மக்னீசியக் கம்பியைக் கவனியுங்கள். தொட்டியின் எஃகுக்குப் பதிலாகத் தான் கரைவதுதான் அதன் வேலை. இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை பார்த்துக் கரைந்திருந்தால் மாற்றினால் தொட்டி பல ஆண்டு கூட வாழும்.

தொட்டி வெடித்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது. சீலிங் நனைந்து தொங்கும், காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய ஆள் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டுப் போவார். ஆகவே இப்போதே எழுதி டிபி கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்: B வகுப்பு அல்லது அதைவிட மேல், குழாய்களுக்கு உறை, தெர்மோஸ்டாட் 60, சொட்டுத் தட்டு, இரண்டு வாக்யூம் பிரேக்கர் (குழாயில் வெற்றிடம் வராமல் காற்றை உள்ளே விடும் வால்வு), வேலை முடிந்ததும் சான்றிதழ். சோலார் கீசர் வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: தமிழ்நாட்டில் பலகை தெற்கே பார்க்கும், இங்கே வடக்கே பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த உறவினர் சொன்னார் என்று தெற்குச் சரிவில் ஏற்றிவிடாதீர்கள். டர்பனில் உறைபனி இல்லாததால் நீர் நேராகப் பலகைக்குள் ஓடும் எளிய வகையே போதும்; ஜோஹன்னஸ்பர்க்கில் அதை வைத்தால் ஜூலைக் குளிரில் குழாய் வெடிக்கும். கூரை வாகாக இல்லாதவர்களுக்கு, காற்றிலுள்ள சூட்டை எடுத்து நீருக்குத் தரும் ஹீட் பம்ப். டர்பனின் வெதுவெதுப்பான காற்றில் அது ஒரு யூனிட் வாங்கி மூன்று யூனிட் அளவு சூடு தரும். ஆனால் கடலோரத்தில் உப்புக் காற்று அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடும். பூச்சுப் போட்ட சுருளைக் கேட்டு வாங்கி, மாதமொருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். புதிய கட்டடங்களில் வெந்நீர்த் தேவையின் பாதியாவது சாதாரண மின் எலிமென்ட் அல்லாத வழியில் வர வேண்டும் என்பது 2011 முதல் கட்டட விதி. வீடு கட்டுபவர்கள் வரைபடத்திலேயே கேளுங்கள்.

ஃபிரிட்ஜைப் பற்றிச் சுருக்கமாக. கதவு ரப்பருக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு பத்து ராண்ட் தாளை வைத்து மூடி இழுங்கள். தடை இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்று நுழைகிறது. நாலு பக்கமும் பாருங்கள். முதலில் சோப்பு நீரால் ரப்பரின் மடிப்புக்குள் துடையுங்கள். பாதிப் பழுது அழுக்குதான். வளைந்திருந்தால் முடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடாக்கி, இழுத்து நேராக்கி, கதவை மூடி ஆறவிடுங்கள். உள்ளே ஒரு குவளை நீரில் தெர்மாமீட்டரை இரவு முழுதும் வைத்தால் காலையில் 3 முதல் 5 டிகிரி காட்ட வேண்டும். 1 காட்டினால் வீணாகக் குளிர்விக்கிறீர்கள். டர்பனின் ஈரக் காற்றில் ஃபிரீசரில் பனி விரைவில் கட்டும். விரல் தடிப்புக்கு வந்துவிட்டால் அணைத்துக் கரையுங்கள். கத்தியால் குத்தினால் உள்ளே வாயு உள்ள குழாய் கிழியும்; புதிய மாதிரிகள் பலவற்றில் அந்த வாயு எரியக்கூடியது. தகரக் கூரைக் கராஜில் ஓடும் இரண்டாவது ஃபிரீசர், சமையலறையில் ஓடுவதைவிட மிகக் கூடுதலாகத் தின்னும். புரட்டாசியில் நம் வீடுகளில் மீனும் இறைச்சியும் இருக்காது. அந்த ஒரு மாதம் அதை அணைத்து, கழுவி, கதவில் ஒரு துணியை மடித்துச் செருகித் திறந்து வையுங்கள். மாதம் முடிந்ததும் அது இல்லாமலே சமாளிக்க முடிகிறதா என்று தெரிந்துவிடும்.

புதிது வாங்கும்போது லேபிளின் எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள். எழுத்து கொள்ளளவுக்கு ஏற்பப் போடப்படுவது. நல்ல எழுத்துள்ள பெரிய ஃபிரிட்ஜ், சற்றுக் குறைந்த எழுத்துள்ள சின்னதைவிடக் கூடத் தின்னலாம். கீழே ஆண்டுக்கு இத்தனை கிலோவாட்மணி என்று ஓர் எண் இருக்கும். அதையே ஒப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று, கோயில் குழுக்களுக்கு. பல கோயில் மண்டபங்களின் சமையலறையில் 150, 200 லிட்டர் கீசர்கள் இருக்கின்றன. வெள்ளியும் ஞாயிறும், காவடிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பயன்படுகிறவை வாரம் ஏழு நாளும் எரிந்துகொண்டிருக்கின்றன. ஒன்றுக்கு நாளைக்கு இரண்டு யூனிட், வாரத்தில் ஐந்து வெறும் நாள், ஆண்டுக்கு 500 யூனிட்டுக்கு மேல். இரண்டு கீசர் என்றால் 3,000 ராண்ட். அன்னதானத்துக்குப் போக வேண்டிய காசு அது. டிபி போர்டில் கீசர் சுவிட்சுக்குக் கீழே "விழாவுக்கு மூன்று மணி நேரம் முன்பு போடவும், பாத்திரம் கழுவி முடிந்ததும் அணைக்கவும்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சீட்டு ஒட்டிவைக்கும்படி, இக்கடிதத்தை வெளியிடும்போது குழுக்களுக்கு நீங்களும் ஒரு வார்த்தை சேர்த்து எழுதினால் நன்றியுடையவர்களாவோம்.

இப்படிக்கு,
மின்பணியாளர் ஒருவரும் குழாய்ப்பணியாளர் ஒருவரும்,
சாட்ஸ்வொர்த், டர்பன்